சாமி கும்பிட எத்தனை ஓட்டு வேண்டும்?

சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைச் சாகடிக்க அதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும் என்பதில்லை. "நோக்கம் உயர்ந்தது, பொதுமக்கள் கருத்தையும் கேட்டுவிடலாமே" என்று சுற்றுக்கு விட்டால் போதும். பொறுக்குக் குழுவுக்கு அனுப்பி ஆறப்போடலாம். அனுப்பக் கோரும் தீர்மானத்தையே தோற்கடித்தும் கதையை முடிக்கலாம். அவைக்குப் புதிதாக வந்தவருக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும்.

எம்.சி. ராஜா புதியவர் அல்லர். பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராக இருந்து, சென்னைச் சட்டசபைக்குள் ஒடுக்கப்பட்டோரின் குரலாக நுழைந்தவர். அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்றே எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் கொண்டுவந்தவர். 1937இல் மூன்றரை மாதமே நீடித்த இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். நடைமுறை விதிகளின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த அந்த மனிதர்தான் 1938இல் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்து தோற்றார்.

அப்போது அவை கூடியது சென்னை அரசினர் தோட்டத்திலிருந்த விருந்து மண்டபத்தில். மாகாண முதல்வரைப் பிரதமர் என்று அழைத்த காலம். பிரதமர் ராஜாஜி. அந்த மண்டபத்துக்குப் பின்னாளில் ராஜாஜி மண்டபம் என்றே பெயர் வைத்தார்கள்.

அதே ஆண்டில் ராஜா முன்னின்று கொண்டுவந்த இன்னொரு மசோதா சட்டமானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமூக இயலாமைகள் ஒழிப்புச் சட்டம் அது. பொதுச்சாலை, கிணறு, குளம், வண்டி வாகனம் ஆகியவற்றில் தீண்டாமை கூடாது என்றது. அதற்கு அவை தலையசைத்தது. கோயில் என்றதும் தயங்கியது. தண்ணீருக்கு ஒரு நியாயம், தீர்த்தத்துக்கு ஒரு நியாயம். ராஜாஜி கோயில் மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். மாகாணம் முழுமைக்கும் வேண்டாம், மலபாருக்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்றார். ராஜா விட்டுக்கொடுக்கவில்லை. வாக்கெடுப்பில் மசோதா விழுந்தது. ஆளுங்கட்சியான காங்கிரஸுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த அவையில் வேறு முடிவை எதிர்பார்த்திருக்க முடியாது.

சொன்னபடி அரசு கொண்டுவந்த மலபார் கோயில் நுழைவுச் சட்டம்தான் இங்கே முக்கியம். ஒரு கோயிலைத் திறக்கலாமா என்பதை அந்த வட்டாரத்துச் சாதி இந்து வாக்காளர்களிடம் கேட்க வேண்டும். பெரும்பான்மையோர் சரி என்றால் திறக்கலாம் என்பது அதன் சாரம். உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள், வெளியே நிற்பவர்கள் முடிவுக்காகக் காத்திருப்பார்கள். ஆண்டவன் முன் நிற்கும் உரிமை ஒருவருக்கு உண்டா இல்லையா என்ற கேள்வி சமயம் சார்ந்தது. அதை எண்ணிக்கைக் கணக்காக்கி, கணக்கில் ஒரு தரப்பைச் சேர்க்காமலும் விட்டுவிட்டார்கள்.

ராஜாஜியை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது; நியாயமாகாது. அவர் பக்கத்து வாதத்துக்கு எடை உண்டு. கோயிலுக்கு உயிர் கொடுப்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அவர்கள் மனம் மாறாமல் போலீஸை வைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே மிஞ்சுவது வெறும் கட்டடம் என்ற எண்ணம் அவருடையது, காந்தியுடையதும்கூட. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள், அவரிடமே பேசுங்கள் என்கிற தோரணையில் பதில் வந்தது. மனமாற்றம் என்பது காந்திக்கு வெறும் அரசியல் உத்தி அல்ல, ஆன்மிகக் கொள்கை. பாவத்தைச் செய்தவன்தான் அதைக் கழுவ வேண்டும், சட்டம் அவனுக்காகக் கழுவ முடியாது என்பது அதன் உள்ளீடு.

இதற்கு அம்பேத்கர் 1933 பிப்ரவரியிலேயே பதில் சொல்லியிருந்தார். அப்போது மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவும் பெரும்பான்மை வாக்கைத்தான் நம்பியிருந்தது. தீண்டாமை பாவம் என்று அந்த மசோதா சொல்லவில்லை, பெரும்பான்மை விரும்பினால் கைவிடக்கூடிய வழக்கமாக மட்டுமே அதைப் பார்க்கிறது என்பது அவருடைய ஆட்சேபம். பாவம் என்று ஒத்துக்கொண்ட பிறகு அதைத் தொடரலாமா என்று ஓட்டுக்கு விட முடியாது. ஓட்டுக்கு விட்டால் அது பாவம் என்ற பேச்சில் பொருளில்லை. தர்க்கத்தில் இதை மறுத்தவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. அந்த மசோதா கருத்தறியச் சுற்றுக்குப் போய், 1934இல் கைவிடப்பட்டது. சுற்றுக்குப் போனவை பெரும்பாலும் அப்படித்தான்.

மனமாற்றத்தை வாக்கெடுத்துச் சோதித்துப் பார்த்த சம்பவமும் நடந்திருக்கிறது. 1932இல் குருவாயூர்க் கோயிலைத் திறக்கக் கோரி காங்கிரஸ்காரர் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். அதையடுத்துப் பொன்னானி தாலுகாவில் கோயிலுக்குள் போகும் உரிமை பெற்றிருந்தவர்களிடம் வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். கேட்டுப் போனவர்களில் ராஜாஜியும் உண்டு. சுமார் 77 சதவீதம் பேர் திறக்கலாம் என்றார்கள். மனம் மாறிவிட்டது, எண்ணியும் காட்டியாயிற்று. கதவு திறக்கவில்லை. அறங்காவலரான சாமூதிரி சட்டத்தையும் வழக்கத்தையும் காரணம் காட்டினார்.

திருவிதாங்கூரில் கதை தலைகீழ். 1936 நவம்பர் 12 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் கையெழுத்திட்ட ஒரு பிரகடனம் அரசின் கீழிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. அவையில்லை, விவாதமில்லை, யாருடைய ஓட்டும் இல்லை. மக்களாட்சி கிடைத்த மாகாணத்தில் பூட்டு, மன்னராட்சியில் திறப்பு. மக்களாட்சியை நேசிப்பவர்களுக்கு இது சங்கடமான உண்மை. அதற்காக மன்னராட்சிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் கையெழுத்தால் வந்தது ஒருவர் கையெழுத்தால் போகவும் கூடும்.

சமய மரபு என்ன சொல்கிறது என்று புரட்டினால் அங்கேயும் நேரான விடை இல்லை. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது. அவர் நின்றதென்னவோ வெளியில்தான். தில்லையில் தீயில் மூழ்கி, பழைய உடல் நீங்கி, முனிவர் கோலத்தில் எழுந்த பிறகே உள்ளே போனார். திருப்பாணாழ்வாரை உலோகசாரங்க முனிவர் தோளில் சுமந்துகொண்டு அரங்கனிடம் போனார். அது அரங்கன் இட்ட கட்டளை. இரண்டு கதையிலும் ஊரார் சம்மதத்தைக் கடவுள் கேட்கவில்லை. அதே சமயம் ஊர் வழக்கத்தை மாற்றவும் இல்லை. ஒருவருக்கு மட்டும் வழிவிட்டு, மற்றவர்களுக்குக் கதவு பழையபடியே இருந்தது. பக்தி மரபின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

'சட்டம் ஒதுங்கி நிற்கட்டும், சமூகம் தானே தீர்த்துக்கொள்ளட்டும்' என்ற பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சட்டம் அன்றைக்கு ஒதுங்கி நிற்கவே இல்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. மதுரை, சென்னை என்று ஏறிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. ஆங்கிலேய நீதிபதிகள் ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, கமுதிச் சாமியை யார் கும்பிடலாம் என்று தீர்ப்பெழுதினார்கள். மனம் மாறிய அறங்காவலர் ஒருவர் தாமாகக் கதவைத் திறந்தாலும் வழக்கத்தை மீறினார் என்று அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆக, பூட்டின் மேல் அரசாங்கத்தின் கை ஏற்கெனவே இருந்தது. சட்டமன்றத்திடம் ராஜா கேட்டது அந்தக் கையை எடுக்கச் சொல்லித்தான். புதிதாக ஒரு வரம் தரும்படி அவர் கேட்கவில்லை.

ராஜாஜிக்கும் இது புரிந்தது என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் காங்கிரஸ்காரர் அ. வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் செய்வித்தார். அவரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன சிறு குழுவில் கக்கனும் ஒருவர். பின்னாளில் காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் இருந்த அதே கக்கன். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டாகிவிட்டது என்று பூஜை செய்ய மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனால் வைத்தியநாத ஐயரும் நாயுடுவும் குற்றவாளிகள். அவர்களைக் காக்க அரசு அவசரச் சட்டம் போட்டது. பிறகு அதை மசோதாவாக்கி அவையில் நிறைவேற்றியது. 1939ஆம் ஆண்டின் 22ஆவது சட்டம், கோயில் நுழைவு அனுமதி மற்றும் காப்புச் சட்டம்.

இங்கே வரிசை மாறியிருப்பதைக் கவனிக்கலாம். முதல் ஆண்டில் ஓட்டு, பிறகுதான் கதவு என்றார்கள். அடுத்த ஆண்டில் கதவு திறந்தது, ஓட்டு பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. அரசே கொண்டுவந்ததால் கட்சிக் கட்டுப்பாடு இம்முறை மசோதாவின் பக்கம். 1938இல் ஒரு திசையில் போன அதே கைகள் 1939இல் எதிர்த் திசையில் போயின. அந்தப் பத்துப் பன்னிரண்டு மாதங்களில் அத்தனை உறுப்பினர்களின் மனசாட்சியும் ஒன்றுபோல மாறியது என்று நம்ப மனம் வரவில்லை.

பூனா ஒப்பந்தப்படி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு 30 தனித் தொகுதிகள். 1937 தேர்தலில் அவற்றில் 26 காங்கிரஸுக்குப் போயின. அந்த 26 பேரும் ராஜாவின் மசோதா யாருக்காகவோ அந்த மக்களிடமிருந்து வந்தவர்கள். கட்சியின் நிலை அரசின் நிலை. அரசோ மசோதாவுக்கு எதிர். எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்து 1932இல் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு உடன்படிக்கை செய்துகொண்டவரே ராஜாதான். பொதுவாக்காளர்களை நம்பி வரும் உறுப்பினர் எந்தப் பக்கம் தலையசைப்பார் என்பதை ஆறு ஆண்டுகள் கழித்து அவரே அவையில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1938இல் கட்சி தாவல் தடைச் சட்டம் கிடையாது. கொறடாவை மீறினால் சீட்டுக் கிடைக்காமல் போகலாம், பதவி பறிபோகாது. 1985இல் அந்தத் தடை அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாக வந்த பிறகு உறுப்பினரின் கையைத் தூக்குவது கட்சிதான். 2017 பிப்ரவரி 18 அன்று தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரியபோது எதிர்க்கட்சிகள் ரகசிய வாக்கெடுப்பு கேட்டன. பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். அமளியில் தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டார்கள். பிளாக் பிளாக்காக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. ரகசியமாக ஓட்டுப் போட்டால் உறுப்பினர் தம் மனசாட்சிக்குப் பதில் சொல்வார், வாக்காளருக்கு யார் பதில் சொல்வது என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. ஆனால் கொறடா உத்தரவுப்படி எழுந்து நிற்கும் ஒருவர் இந்த இருவரில் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

பட்ஜெட்டுக்கும் வரிக்கும் அந்தக் கட்டுப்பாடு இருந்துவிட்டுப் போகட்டும். அரசு நடக்க வேண்டுமே. தீண்டாமை போன்ற ஒன்றில் கொறடாவின் தாளைப் பார்த்துக் கை தூக்குவது ஓட்டாகுமா? அந்த ஓட்டுகளைக் கூட்டி வரும் எண்ணுக்கு என்ன அறவலிமை இருக்கும்? அம்பேத்கரின் ஆட்சேபத்தோடு இதையும் சேர்த்தால், பெரும்பான்மையிடம் கேட்க வேண்டிய கேள்வியே இது இல்லை என்பது இன்னும் தெளிவாகிறது.

1947இல் சென்னை மாகாணம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் ஐந்தாவது சட்டம் எந்தச் சாதி இந்துவுக்கும் எந்தக் கோயிலுக்குள்ளும் போய் வழிபட உரிமை உண்டு என்றது. தாலுகா வாக்கெடுப்பு, வழிபடுவோர் சம்மதம் போன்ற நிபந்தனைகள் போயின. குருவாயூரும் அந்த ஆண்டுதான் திறந்தது. தென் கன்னட மாவட்டம் மூல்கியிலிருந்த ஒரு கோயில் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. சில சடங்கு நேரங்களைக் கௌட சாரஸ்வதப் பிராமணருக்கு ஒதுக்கிவிட்டு, கதவு எல்லாருக்கும் திறந்தேதான் இருக்க வேண்டும் என்று 1957இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்திருந்தது.

சட்டப் புத்தகத்தில் கதை இங்கே முடிகிறது. தாலுகா அலுவலகத்தில் முடியவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் போனதால் தகராறு வந்தது. அமைதிப் பேச்சுவார்த்தைகள் பலனளிக்காமல், 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி பூஜைக்காக மட்டும் திறந்தார்கள். அப்போது பக்தர்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை. கோட்டாட்சியர் தலைமையில் இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு தரப்பின் சம்மதத்தை இன்னொரு தரப்புக்காகக் கேட்கும் அந்தக் கூட்டத்துக்கும் 1938இன் மலபார் சட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலபார் சட்டமாவது அவையில் விவாதித்து நிறைவேறியது. இந்தக் கூட்டத்துக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே கிடையாது. அதைக் கூட்டும் அதிகாரிகள் மேசையில் அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.