வேகமும் விரதமும்

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில், 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை ஒட்டிய பயிற்சி மையத்திற்கு, பந்தயத்தில் இறங்கும் உத்தேசம் சிறிதும் இல்லாத சாமானிய ஜனங்கள் தங்கள் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து, அபாயமின்றி ஓட்டும் வித்தையைப் பயின்று செல்கிறார்கள். வாகனம் ஓட்டுவது வெறும் லௌகிக சாமர்த்தியந்தானா, அதற்குத் தர்மத்தோடு சம்பந்தம் உண்டா என்ற கேள்வியை இந்தக் காட்சி என் மனத்தில் எழுப்புகிறது.

ஜைன ஆசாரியரான உமாஸ்வாதி தமது தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிரைப் போக்குவதை மட்டும் சொல்லாமல், அஜாக்கிரதையையும் அதன் காரணமாகச் சேர்த்தே சொன்னார். ஜைன முனிவர்களுக்குரிய ஐந்து சமிதிகளில், அதாவது கவன விதிகளில், முதலாவதான ஈர்யா சமிதியோ, அடியெடுத்து வைக்குமுன் ஏறக்குறைய நான்கு முழ தூரத்துக்குத் தரையைப் பார்த்து, சிற்றுயிரும் நசுங்காமல் நடக்க வேண்டும் என்று விதிக்கிறது. கால்நடையாகச் செல்பவனுக்கு நான்கு முழம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனோ, அபாயத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளாகவே சுமார் 17 மீட்டரைக் கடந்துவிடுகிறான். அதன்பின் நல்ல காய்ந்த சாலையிலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். வேகம் 120 ஆனால் அந்த 20 மீட்டர் 80 ஆகிவிடும். பார்க்கும் கடமை இந்தத் தூரம் முழுவதற்கும் நீள்கிறது என்றே நான் கொள்கிறேன். கொல்லும் எண்ணம் இல்லை என்பதனாலேயே ஒருவன் பழியினின்று நீங்கிவிட மாட்டான்.

இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்லிவிடுவான். ஆயினும் சப்தத்தால், அதாவது சொல்லக் கேட்டு, வந்த ஞானம் பிரத்தியட்சமாகும் வரையில், அது காலுக்கு எட்டுவதில்லை. பயிற்சி மையத்திலோ, நனைத்து வழுக்கலாக்கிய தளத்தில், முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்குமாறு ஆசிரியர் கட்டளையிடுகிறார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சாதனம் வேலை செய்யத் தொடங்கியதும், பெடல் பாதத்தின் அடியில் படபடவென்று உதைக்கிறது. ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கலாகாது, அழுத்தியபடியே, போக வேண்டிய திசையை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லலாம். பாதம் நம்புவது அங்கேதான். இடையூறாக நிறுத்திய ரப்பர்க் கூம்பையே வெறித்துப் பார்ப்பவன் பெரும்பாலும் அதன்மேலேயே போய் மோதுகிறான் என்பதும் அங்கே கண்கூடாகிறது.

ஆனால் அப்பியாசத்தின் நிழலாகவே அகங்காரமும் வருகிறது. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் நில்ஸ் பேட்டர் கிரேகெர்சன் 1996இல் வெளியிட்ட சோதனை இவ்விஷயத்தில் நம் சிரத்தைக்குரியது. இளைஞர்களில் ஒரு பிரிவினருக்கு வழுக்குச் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் திறமையைக் கற்பித்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு, அத்திறமை எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை உணர்த்தினார்கள். பிற்பாடு பரீட்சித்தபோது இரு சாராரின் ஆற்றலிலும் வித்தியாசம் காணப்படவில்லை. முதற்பிரிவினர் மட்டும் தங்களைக் கெட்டிக்காரர்களென்று அதிகமாக மதித்திருந்தனர். ஞானம் வளராமல் அபிமானம் மட்டும் வளர்வதைக் காட்டிலும் ஆபத்தான கல்வி வேறு எதுவென்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிக் கற்ற இளைஞன் நாளை எதிர்கொள்ளப் போவது கூம்புகளை அல்ல, பள்ளிவிட்டு வரும் குழந்தைகளை.

ஆகையால் சாகசமாய் வண்டியைத் திருப்பக் கற்பிப்பதற்கு முன்னால், மாணவனிடமே ஒரு கூம்பைக் கொடுத்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போட்டால் வண்டி எங்கே நிற்குமென்று அவன் நினைக்கிறானோ, அங்கே அதை வைக்கச் சொல்ல வேண்டும். ஈரத் தரையில் வண்டி அதைத் தள்ளிக்கொண்டு போகுமானால், ஆசிரியர் பேசாமல் இறங்கி, கூம்புக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அவனையே அடியடியாக நடந்து அளக்கச் செய்யட்டும்.