மறைத்தலும் விலக்கலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே சென்னைக்கும் வடக்கே ஆந்திரத்துக்கும் ஓடுகிற லாரிகள், உடம்புக்கு ஏதேனும் வந்தால், கவரைப்பேட்டையை ஒட்டிய நெடுஞ்சாலைப் பட்டறைகளில் ஒதுங்குவதுண்டு. பழைய வண்டிகளுக்கு வழக்கமாக வருவது ரேடியேட்டர் ஒழுக்கு. குளிர்ப் பிரதேசங்களுக்கும் போய்வரும்படி அமைக்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் அதனினும் நுட்பமான வியாதியொன்று காண்கிறது. ஓட்டுநர் அறையைச் சூடேற்றுவதற்கென்று டேஷ்போர்டுக்குப் பின்னால் பொதிந்து வைத்திருக்கும் ஹீட்டர் கோர் கசியத் தொடங்குவதே அது. இந்த லௌகிகமான சிறு வியாதியை முன்னிட்டு, தேய்ந்து அழியும் சுபாவமுடைய ஒரு பொருளைப் பேணுகிறவனுக்குரிய தர்மம் யாது என்னும் கேள்வியைச் சற்றே விசாரிக்க விரும்புகிறேன்.

ஹீட்டர் கோர் என்பது ரேடியேட்டரின் சிறு வடிவமே. எஞ்சினின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்ட நீர், இரண்டு ரப்பர் ஹோஸ்களின் வழியே அதனுள் புகுந்து திரும்பும். அதன் மெல்லிய குழாய்களின் மீது விசிறி வீசுகிற காற்று வெப்பமடைந்து உள்ளே வரும். அது கசிந்தால் முதலில் கால்மிதி நனைகிறது. பிறகு முன்கண்ணாடியின் உட்புறத்தில், துடைத்தாலும் போகாத பிசுக்குப் படலம் ஒன்று படிகிறது. வண்டிக்குக் கூலன்ட் ஊற்றியிருந்தால், அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் என்னும் நச்சு, இனிப்பான வாசனையோடு அறையெங்கும் பரவுகிறது. நீரின் மட்டம் யாரும் அறியாமல் இறங்கிக்கொண்டே போய், ஒரு நாள் எஞ்சின் கொதித்து நிற்கிறது. இந்த வட்டாரத்துக்கு இன்னொரு துர்ப்பாக்கியமும் உண்டு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலத்தடி நீரில் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் ஊடுருவத் தொடங்கிவிட்டது. வழியில் அகப்பட்ட பம்பிலிருந்து கிளீனர் பிடித்து ஊற்றுகிற உப்புநீர், செம்பையும் ஈயப்பற்றையும் உள்ளிருந்தே அரிக்கிறது. ஆகவே ஒழுக்கு என்பது யாரோ ஒருவன் செய்த தனிப் பாவம் அன்று. மண்ணும் நீரும் காலமும் சேர்ந்து விளைவிப்பது.

பரிகாரம் மூன்று விதம். டேஷ்போர்டை முழுதும் பிரித்துப் புதிய கோர் வைப்பது உத்தமம்; ஆனால் பழைய வண்டிக்கு அந்தச் சாமான் எளிதில் கிடைப்பதில்லை, கூலியும் அதிகம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு பிடி மஞ்சள் தூளைக் கொட்டுவது நம் ஓட்டுநர்கள் நெடுங்காலமாக அறிந்த உபாயம். தூள் நீரில் ஊறி, ஓட்டையில் சென்று அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, கோருக்குப் போகும் ஹோஸ் இரண்டையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப்பை முறுக்கி, நீரை அந்த உறுப்புக்குள் போகவிடாமலே எஞ்சினுக்குத் திருப்பிவிடுவது. இதைச் செய்கிறவனைச் சோம்பேறி மெக்கானிக் என்று ஏசுவோர் உண்டு. நான் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன்.

மஞ்சள் தூளுக்கும் இணைத்துவிட்ட ஹோஸுக்கும் உள்ள வேற்றுமை செலவில் இல்லை. ஒன்று மறைப்பு, மற்றது விலக்கு. தூளுக்கு ஓட்டை எது, ஓட வேண்டிய வழி எது என்கிற விவேகம் கிடையாது. ஆரோக்கியமான நுண்குழாய்களிலும் அது படிந்து அடைக்கிறது. ஒழுக்கு நின்றதைக் கண்டு ஓட்டுநரின் மனம் சாந்தி அடைகிறது. எங்கே எவ்வளவு அடைந்தது என்பதை மட்டும் ஒருவரும் அறிவதில்லை. இணைத்துவிட்ட ஹோஸோ, பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே நிற்கிறது. இந்த வண்டிக்கு இன்னது இல்லை என்று அது ஒளிக்காமல் சொல்கிறது.

மறைத்தலும் பரமனுடைய தொழில்தானே என்று ஒரு சைவ அன்பர் என்னை மடக்கலாம். இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில், இரத்தின சபையில் ஆடும் பெருமானின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று என்பது சித்தாந்தம். ஊன்றிய திருவடியில் மறைத்தலையும், தூக்கிய திருவடியில் முத்தியையும் காட்டுகிறது உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூல். ஆனால் அங்கே மறைக்கிறவன் அனைத்தையும் அறிந்தவன். மறைப்பது, உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவம் பெற வேண்டும் என்னும் கருணையினால். அருளும் திருவடி அந்த மறைப்பைப் பிரியாமல் உடன் நிற்கிறது. மனிதன் மறைக்கும்போது முதலில் தன் கண்ணையே மறைத்துக்கொள்கிறான். பலனும் அவனுக்கே சேர்கிறது, ஆபத்து மட்டும் பிறனுக்குப் போகிறது. அந்தத் தொழிலைக் கையில் எடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை என்பதே என் துணிவு.

விலக்கி வைப்பதற்கோ நம் ஆலய மரபிலேயே இடம் உண்டு. மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து நிரந்தரமானது என்று ஆகமம் அறிந்தவர்கள் எண்ணவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று வழக்கம் வகுத்தார்கள். தெய்வம் உறையும் இடமும் இளகும், விரியும் என்பதை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. அது மட்டுமா? ஜீர்ணோத்தாரணம் நடக்கிற காலத்தில், மூலஸ்தானத்தின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்து, பூஜையை அங்கே நடத்துகிறார்கள். பழுதுற்ற இடத்தை இது பழுதுற்றது என்று எல்லோரும் அறிய ஒதுக்கிவிட்டு, ஓட வேண்டிய வழிபாட்டை வேறு வழியில் ஓடவிடுகிறார்கள். ஹோஸைத் திருப்பிவிட்ட மெக்கானிக் தன் அளவில் செய்ததும் அதுவே என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நடுவழியில், சரக்கு ஏறிய வண்டியோடு, அடுத்த பட்டறை வெகுதூரம் இருக்கையில் மஞ்சளைக் கொட்டினால் குற்றமா? குற்றமில்லை. மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஆபத்தர்மத்துக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் ஆபத்து நீங்கியதும் ஆபத்தர்மமும் நீங்கிவிடுகிறது. பட்டறையை அடைந்தவன் நீரை வடித்து, உள்ளே படிந்ததைக் கழுவிவிட்டு, மூலக்காரணத்தைத் தேட வேண்டும். ஒழுக்கு நின்றுவிட்டதே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவன், ஆபத்தின் பெயரால் சுகத்தை அனுபவிக்கிறான்.

வண்டி கைமாறும்போதுதான் இந்த விசாரம் கூர்மையடைகிறது. கவரைப்பேட்டை வெயிலில் ஹீட்டரின் குமிழைத் திருகிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. வாங்குகிறவன் ஓராண்டு ஓட்டினாலும் அறியமாட்டான். அவனே ஒரு மார்கழியில் ஜம்முவுக்கு லோடு ஏற்றி, மலைப்பாதையில் முன்கண்ணாடி பனிமூட்டத்தால் மூடிப்போகையில் அந்தக் குமிழைத் திருகுவான். வருவது குளிர்காற்றாகவே இருக்கும். ஆதலால் விற்கிறவன் பானெட்டைத் திறந்து, இணைத்த ஹோஸைத் தன் விரலால் தொட்டுக் காட்டவேண்டும். எப்போதாவது மஞ்சள் கொட்டியிருந்தால் அதையும் கூடவே சொல்லவேண்டும். சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையும் என்பது எனக்குத் தெரியாததன்று. அந்த நஷ்டம் விற்கிறவனுடையது, அதை மலைப்பாதையில் தவிக்கப்போகிறவன் தலையில் கட்டுவதற்கு எந்த சாஸ்திரமும் இடம் தரவில்லை.