மூன்று அம்மா, ஒரு பாஸ்போர்ட்கூட இல்லை

கரையான்சாவடியில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"மச்சினன் பையன் ஜெர்மனியில இருக்கான் சார். கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்ல. இங்க ஒரு வாடகைத்தாய் கிடைச்சா நல்லதுங்கறான். காசு பிரச்னையே இல்ல."

"காசுதான் சார் பிரச்னை" என்றேன்.

ஒரு காலத்தில் குஜராத்தின் ஆனந்த் என்ற ஊருக்குப் பாலுக்கு அடுத்தபடி இதில்தான் புகழ். 2008 ஜூலையில் அங்கே ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே தம்பதிக்கு விவாகரத்து ஆகிவிட்டது. மனைவி, குழந்தை வேண்டாம் என்றுவிட்டார். கருமுட்டை கொடுத்தவர் யாரோ. சுமந்தவருக்கு ஒப்பந்தம் முடிந்தது. ஆக, மூன்று அம்மா. ஆனால் அம்மா இல்லை. அப்பா தயார்தான், பாஸ்போர்ட் கொடுக்கத்தான் எந்த நாடும் தயாராயில்லை. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'பேபி மாஞ்சி வழக்கு' என்று வக்கீல்கள் இன்றும் சொல்வார்கள். கடைசியில் இந்தியா கொடுத்த அடையாளச் சான்றிதழில் அம்மா பெயர் இல்லை, தேசம் இல்லை, மதமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நவம்பரில் ஜப்பான் போனது குழந்தை.

அதே ஆனந்தில், அதே வருஷம் ஜனவரியில், ஒரு ஜெர்மானியருக்காக இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஜெர்மன் சட்டத்தில் பெற்றவள்தான் அம்மா, அப்பீலே கிடையாது. அவர்கள் ஊர் போய்ச் சேர 2010 ஆகிவிட்டது.

பிறகு நம் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2015ல் வெளிநாட்டவருக்குத் தடை. 2021 சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, காசுக்குச் சுமப்பதே யாருக்கும் கூடாது என்றாகிவிட்டது. மருத்துவச் செலவும் இன்ஷூரன்ஸும் மட்டும் கொடுக்கலாம்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டருக்குக் காசு, வக்கீலுக்குக் காசு, ஏர்லைன்ஸுக்குக் காசு. பத்து மாசம் சுமக்கறவளுக்கு மட்டும் தர்மமா சார்?"

நியாயமான கேள்வி. எனக்கும் முழுப் பதில் தெரியாது. காசு உண்டென்றால், கடனில் இருக்கிற பெண்ணால் 'மாட்டேன்' சொல்ல முடியாது. காசு கிடையாதென்றால், வீட்டில் இளைய மருமகளால் 'மாட்டேன்' சொல்ல முடியாது. இரண்டிலும் கையெழுத்து என்னவோ சுத்தமாகத்தான் இருக்கும்.

தடை போட்டால் நின்றுவிடுமா? இங்கே கதவைச் சாத்தினால் வேறு நாட்டில் திறக்கிறது. 2020 கொரோனா ஊரடங்கில் உக்ரைனில், அப்பா அம்மா வர முடியாமல், ஒரு ஹோட்டல் கூடத்தில் தொட்டில் தொட்டிலாகக் குழந்தைகள் கிடந்ததை உலகமே பார்த்தது. இத்தாலி 2024ல், தன் குடிமக்கள் வெளிநாட்டில் போய்ச் செய்தாலும் குற்றம் என்றே சட்டம் போட்டுவிட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு. இந்த ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், குழந்தையைத் தவிர. ஒப்பந்தம் முறிந்தால் தெருவில் நிற்பதும் அதுதான். 'எனக்குக் குழந்தை வேண்டும்' என்பது ஆசை. அது ஒரு தப்புமில்லை. ஆனால் 'எல்லாம் தப்பாகப் போனாலும் இந்தக் குழந்தைக்கு நான் இருக்கிறேன்' என்று சொல்லத் தெரிந்தவர்தான் அப்பா, அம்மா. மாஞ்சியின் அப்பா விசா முடிந்து திரும்பிப் போக நேர்ந்தபோது, ஜப்பானிலிருந்து வந்து பார்த்துக்கொண்டது பாட்டி. எந்த ஒப்பந்தத்திலும் அந்தப் பாட்டியின் கையெழுத்து இல்லை.

நண்பரிடம் கேட்டேன். "நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டா, குழந்தைய நீங்க வளர்ப்பீங்களா?"

மெட்ரோ தூணைப் பார்த்தபடி யோசித்தார். ஆவடி பஸ் வந்து நின்றது.

"வளர்ப்பேன் சார்" என்றார். "ஆனா எனக்கு விசா குடுப்பானா?"