மேரி செய்த ஐஸ்கிரீம்

தனக்கு டைஃபாய்டு வந்ததே இல்லை என்றுதான் மேரி மாலன் கடைசிவரை சாதித்தார். தெம்பான ஐரிஷ் பெண்மணி. நியூயார்க் பணக்கார வீடுகளில் சமையல் வேலை. பீச் பழம் நறுக்கிப்போட்டு அவர் செய்யும் ஐஸ்கிரீம் என்றால் எல்லோருக்கும் உயிர். வம்பே அதில்தான். கொதிக்கிற சூப்பில் கிருமி செத்துவிடும். ஐஸ்கிரீமில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

உடம்பில் கிருமி உண்டு, நோய் இல்லை. 1907-ல் அவரைப் பிடித்துப்போய் ஒரு தீவில் அடைத்தார்கள். நல்லா இருக்கிற மனுஷியை எதுக்குப் பூட்டணும் என்று நீங்களும்தான் கேட்பீர்கள். 1910-ல், இனி சமைப்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். கிடைத்தது சலவை வேலை. சம்பளம் குறைச்சல். பெயரை மாற்றிக்கொண்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டார். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைஃபாய்டு; இரண்டு பேர் செத்தே போனார்கள். மறுபடி தீவு. 1938-ல் சாகும்வரை அங்கேதான்.

முதல் தடவை பூட்டியது அநியாயம் என்பேன். இரண்டாவது? வாக்கு மீறியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால், ஊர் நன்மைக்காக ஒருத்தியின் பிழைப்பைப் பிடுங்கினால், அந்த நஷ்டத்தை ஊர்தானே கட்ட வேண்டும்? யாரும் கட்டவில்லை.

2020-ல் சென்னையில் சில வீடுகளைத் தகரம் அடித்து மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருந்தவர்களுக்கு நீங்கள் ஒரு பால் பாக்கெட்டாவது வாங்கிக் கொடுத்தீர்களா?