தியானம் தன்னலமா?

தியானம் என்னும் சொல் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதியதன்று. தவக்காலம் வந்தால் பங்குகள்தோறும் தியானம் நடைபெறுகின்றது. மாலையில் வீட்டிலே செபமாலை சொல்லும்போது, ஒவ்வொரு தேவ இரகசியத்தின் தொடக்கத்திலும் அதனைத் தியானிப்போமாக என்று சொல்லுகின்றோம். சொல்லிய மறுகணமே மங்கள வார்த்தைச் செபத்தைத் தொடங்கிவிடுகின்றோம். தியானிப்பதற்கென்று விட்ட நேரம் எங்கே? சொல் நாவிலே நிற்கின்றது. பொருள் நம்மைக் கடந்து போய்விடுகின்றது.

இன்று அதே சொல் வேறு வாசல்களால் நம் வீட்டுக்குள் வருகின்றது. யோகாசன வகுப்பிலே கேட்கின்றோம்; வைத்தியர் சொல்லுகின்றார்; கைத்தொலைபேசியிலும் அதற்கென ஏற்பாடுகள் உண்டு. மனப்பதற்றம் தணியும், நல்ல நித்திரை வரும் என்றெல்லாம் கூறப்படுகின்றது. இவற்றைக் கேட்கும் நம்மவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இது நமக்கு உரியதா என்பது ஒன்று. சுற்றிலும் இத்தனை துன்பமும் வேலையும் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் தன் அமைதியைத் தேடுவது தன்னலம் அன்றோ என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதுதான் நம்மை நின்று சிந்திக்க வைப்பது.

நம் வீட்டுப் பெட்டகம்

திருப்பாடல் நூலின் முதற்பாடலே, இறைவனின் சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவனைப் பேறுபெற்றவன் என்கின்றது. மரியன்னை தமக்கு நேர்ந்தவற்றை உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்பதைத் தூய லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இருமுறை குறிப்பிடுகின்றார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துத் துறவியரிடையே வாழ்ந்து கற்றவர் யோவான் காசியன். திருப்பாடலின் ஒரேயொரு வசனத்தை, உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் விடாமல் உள்ளத்தில் ஒலிக்கச் செய்யும் முறையை அவர் தம் நூலில் விளக்கியுள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவி கிகோ, வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல் என நான்கு படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்து காட்டினார். தூய இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றன. நம் யாழ்ப்பாண மண்ணிலும், 1928இல் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அவர்கள் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கி, மௌனத்தையும் செபத்தையும் உழைப்பையும் இணைத்த ஒரு வாழ்வுக்கு வழிவகுத்தார்.

ஆயினும், உள்ள செல்வத்தை மறந்துவிடுவது மனித இயல்பு. யோவான் மெயின் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. 1950களில் மலாயாவில் பிரித்தானிய அரசுப் பணியில் இருந்த அவர், கோலாலம்பூரில் ஓர் இந்துத் துறவியிடம் தியானம் பழகினார். பின்னர் பெனடிக்ற் சபையிற் சேர்ந்தார். பல்லாண்டுகள் கழித்துக் காசியனின் நூலைப் படித்தபோது, தாம் கற்றது போன்ற ஒரு முறை தம் திருச்சபையிலேயே பழங்காலம் தொட்டு இருந்ததைக் கண்டுகொண்டார். 1975 முதல் இலண்டனிற் பொதுநிலையினருக்கு அதனைக் கற்பித்தார். அயல்வீட்டு விளக்கின் ஒளியிலே தம் வீட்டுப் பெட்டகத்தைக் கண்டெடுத்தார் எனலாம்.

ஏனைய சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. இந்துக்களோடும் பௌத்தர்களோடும் ஒரே தெருவில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

பயன்கள் எவை?

தியானத்தாற் பயன் உண்டா? உண்டு. 1970களில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக வைத்தியர் ஹேபேட் பென்சன், தியானத்தில் அமர்ந்திருப்போரின் உடலைச் சோதித்தார். மூச்சு மெதுவாகின்றது, இதயத் துடிப்புத் தணிகின்றது, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவு குறைகின்றது என்று கண்டார். அதன்பின் எத்தனையோ ஆய்வுகள் வந்தன. அவற்றுள் 47 ஆய்வுகளை, 3,515 பேரைப் பற்றியவற்றை, ஒன்றாக நிறுத்துப் பார்த்த அறிக்கையொன்று 2014இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. பதற்றமும் மனச்சோர்வும் உடல் நோவும் ஓரளவு குறைகின்றன என்று அது கூறிற்று. அதே வேளையில், உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றைக் காட்டிலும் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கூறிற்று. ஆகவே நன்மை உண்டு. சர்வரோக நிவாரணி அன்று.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் நம் வீடுகளில் ஆறாத காயங்களை விட்டுச் சென்றுள்ளது. அத்தகைய காயம் உள்ளவர் கண்ணை மூடி அமரும்போது, அமைதிக்குப் பதிலாகப் பழைய காட்சிகள் பொங்கி எழக்கூடும். அது பக்திக் குறைவு அன்று. விசுவாசக் குறைவும் அன்று. அவர்கள் வற்புறுத்திக்கொண்டு தனியே இருக்கவேண்டாம். கண்ணைத் திறந்தபடி, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு செபிக்கட்டும். தேவையாயின் மனநல வைத்தியரை நாடட்டும்.

அமைதி எப்போதும் நல்லதா?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். ஒரு குடும்பத் தலைவர் தினமும் விடியற்காலையில் அரைமணி நேரம் தியானத்தில் அமர்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை எழுந்து வந்து சத்தம் போடுகின்றது. அவர் சினந்து குழந்தையை அடித்துத் துரத்துகின்றார். அவர் காத்துக்கொண்டிருந்தது இறைவனின் பிரசன்னத்தையா, தம்முடைய சுகத்தையா?

இன்னொருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு கடைக்காரர். நிறுவையிற் குறைத்து விற்பவர். இரவிலே நித்திரை வராமற் தவித்தவர், தியானம் பழகியபின் நிம்மதியாக உறங்குகின்றார். தராசோ அப்படியே இருக்கின்றது. இவருக்குக் கிடைத்தது நன்மை என்போமா? அவருடைய தவிப்பு ஒரு நோயன்று. மனச்சாட்சி கதவைத் தட்டிய ஓசை. தட்டுகின்றவருக்குக் கதவைத் திறவாமல், காதைப் பொத்திக்கொள்ளத்தான் அவர் பழகியிருக்கின்றார். மனிதரின் எல்லா அமைதியின்மையும் நீக்கப்படவேண்டியதன்று. அவற்றுட் சில, ஆண்டவர் அனுப்பிய தூதுகள்.

இந்த ஆபத்தைப் பழைய ஞானியர் எல்லோருமே அறிந்திருந்தனர். பதஞ்சலியின் யோக நெறியிலே எட்டு உறுப்புக்கள் உண்டு. தியானம் அவற்றுள் ஏழாவது. முதலில் நிற்பவை இயமமும் நியமமும். இயமத்தில் கொல்லாமையும் வாய்மையும் கள்ளாமையும் அடங்கும். புத்தரின் எண்வழிப் பாதையிலும் நற்கடைப்பிடியும் நல்லமைதியும் தனித்து நிற்பதில்லை. நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை என்பவற்றோடு சேர்ந்தே நிற்கின்றன. நம் திருச்சபையும் 1989 ஒக்ரோபரில் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு அனுப்பிய மடலில் இதனையே வற்புறுத்திற்று. உடலைத் தளர்த்தும் பயிற்சிகளால் வரும் இதமான உணர்வைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது. அத்தகைய உணர்வுக்கும் ஒருவருடைய ஒழுக்கத்துக்கும் பொருத்தமில்லாதபோது மயக்கம் இன்னும் பெரிதாகும் என்பது அதன் கருத்து.

அப்படியானால் தியானத்தை விட்டுவிட்டுச் சேவையை மாத்திரம் செய்வோமே என்று சிலர் கேட்கலாம். சேவை என்றாலே தன்னலமற்றது என்று யார் சொன்னது? ஒருகணமும் மௌனமாய் இராதவர், பிறருக்குச் சோறு பரிமாறும்போதும் தம் கோபத்தையும் புகழாசையையும் சேர்த்தே பரிமாறுகின்றார். மார்த்தாளின் சமையலை இயேசு குறைகூறவில்லை. பலவற்றைப் பற்றிய அவளுடைய கலக்கத்தையே சுட்டிக்காட்டினார். சமையலறைச் சட்டி பானைகளின் நடுவிலும் ஆண்டவர் உலாவுகின்றார் என்று தம் கன்னியருக்கு எடுத்துச்சொன்னவர், தியானத்தில் மிக உயர்ந்த நிலையை எட்டிய தூய அவிலா திரேசாள் அன்றோ?

ஆண்டவர் இயேசுவின் வாழ்விலேயே இதற்கு விளக்கம் உண்டு. தூய மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நாகூமில் மாலை முழுவதும் நோயாளரைக் குணப்படுத்துகின்றார். ஊரே வாசலிற் கூடுகின்றது. மறுநாள் இருள் நீங்குமுன்னே எழுந்து, தனியிடம் சென்று செபிக்கின்றார். எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சீமோன் வந்து சொல்லுகின்றார். அவரோ அங்கே திரும்பாமல், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கின்றார். போன வழியிலே, எவரும் தொடாத தொழுநோயாளி ஒருவனைத் தொடுகின்றார். தனிமை அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. கூட்டத்தின் புகழிலிருந்து விடுவித்தது. அந்த விடுதலையோடுதான் அவர் அடுத்த மனிதனிடம் சென்றார்.

எதைப் பழகுகின்றோம்?

தியானத்தில் அமர்ந்து பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். மனம் ஒரு நிமிடமும் நிற்பதில்லை. கடன், நாளைய சமையல், பிள்ளையின் ரியூசன் காசு என்று ஓடிக்கொண்டே இருக்கின்றது. நாம் அதனை மெல்லத் திருப்பிக்கொண்டு வருகின்றோம். அது மீண்டும் ஓடுகின்றது. இருபது நிமிடத்தில் ஐம்பது தடவை ஓடினால், ஐம்பது தடவை திரும்புகின்றோம். இது தோல்வியன்று. இந்தத் திரும்புதலே பயிற்சி.

இதே பயிற்சிதான் வீட்டிலும் வேண்டப்படுகின்றது. பிள்ளை ஏதோ சொல்ல வருகையில், கையிலுள்ள தொலைபேசியிலிருந்து அதன் முகத்துக்குத் திரும்பவேண்டும். வயதான தாய் அதே கதையைப் பத்தாவது தடவை சொல்லும்போது, ஓடும் மனத்தை அவரிடம் திருப்பவேண்டும். வாக்குவாதத்தின் நடுவிலே, அடுத்த சுடுசொல்லைத் தேடும் மனத்தை, எதிரே நிற்பவரின் நோவுக்குத் திருப்பவேண்டும். காலையிற் பழகாத ஒன்றை மாலையில் எப்படிச் செய்வோம்?

ஆகவே தியானம் தன்னலமா என்ற கேள்விக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது விடை கிடையாது. எழுந்த பின்புதான் விடை தெரியும்.

எப்படித் தொடங்குவது?

விடியற்காலையோ, வீடு உறங்கிய பின்போ, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாயிலோ கதிரையிலோ முதுகு நிமிர அமருங்கள். தூய ஆவியின் துணையை வேண்டுங்கள். அன்றைய நற்செய்தியில் ஐந்தாறு வரிகளை மெதுவாக வாசியுங்கள். மனத்திற் பதிந்த ஒரு சொல்லையோ, இயேசு என்னும் திருநாமத்தையோ, மூச்சின் போக்கோடு இணைத்து உள்ளத்தில் ஒலிக்க விடுங்கள். மனம் ஓடினால் ஏசவேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கிவருவது போலத் திருப்பிக்கொண்டு வாருங்கள். முடிவில், இன்று யாரிடம் கூடுதல் பொறுமையாய் இருக்கவேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டு, ஒருவருடைய பெயரை மனத்திற் குறித்துக்கொண்டு எழும்புங்கள்.

பதினைந்து நிமிடமும் கிடைக்காத தாய்மார் உண்டு. அவர்கள் செபமாலையின் ஒவ்வொரு தேவ இரகசியத்தையும் சொன்னபின், குடும்பத்தோடு ஒரு நிமிடம் மௌனமாய் இருக்கச் செய்யட்டும். ஐந்து இரகசியங்களுக்கு ஐந்து நிமிடங்கள். பிள்ளைகளும் இதனை எளிதாகப் பழகிக்கொள்வர்.

ஒரு மாதம் இவ்வாறு செய்து பாருங்கள். அதன்பின் உங்கள் தியானம் எப்படி இருக்கின்றது என்று உங்களையே கேட்கவேண்டாம். மனம் தனக்குத் தாராளமாகவே புள்ளி போட்டுக்கொள்ளும். உங்கள் மனைவியிடம், கணவரிடம், பிள்ளைகளிடம், மாமியாரிடம் கேளுங்கள். முன்னைவிட நீங்கள் சற்றுப் பொறுமையாய்க் கேட்கின்றீர்கள் என்று அவர்கள் சொன்னால், உங்கள் மௌனத்தில் ஆண்டவர் பேசியிருக்கின்றார் என்று நம்பலாம்.