அறிந்த நாள் முதல்

நரக நெருப்பைப் பற்றி ஆண்டவர் எச்சரித்ததை எழுதும்போது (மாற்கு 9:43), அந்நெருப்பு அணையாதது என்பதைக் குறிக்க நற்செய்தியாளர் ஒரு கிரேக்கச் சொல்லைக் கையாளுகிறார். அச்சொல் 'ஆஸ்பெஸ்டோஸ்'. குருமடத்துக் கிரேக்க மொழி வகுப்பில் அதனை முதன்முறை கேட்டதும் மாணவர் அனைவரும் சிரித்தது இன்னும் நம் நினைவில் இருக்கிறது. அவ்வகுப்பறையின் கூரையாக நம் தலைக்கு மேலே இருந்ததும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டைதான்!

தீயில் எரியாத, பஞ்சுபோலப் பிரித்து நூலாக நூற்கக்கூடிய ஓர் அதிசயக் கனிமத்திற்கு மேலைநாட்டார் இப்பெயரை இட்டனர். தமிழில் நாம் அதனைக் கல்நார் என்கிறோம். கல்லுக்குள் இருக்கும் நார். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆனால் நெருப்பில் அழியாத அந்த நார், மனித உடலுக்குள் புகுந்துவிட்டால் அங்கும் எளிதில் அழிவதில்லை என்பதை நாம் அன்று அறிந்திருக்கவில்லை.

அறியாமல் செய்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியா? அறிந்த பிறகும் வாய்மூடி இருப்பவனின் நிலை என்ன? இக்கேள்விகள் புத்தகத்திலிருந்து நமக்கு வந்தவை அல்ல.

நாம் முதன்முதலாகப் பொறுப்பேற்ற பங்கில், சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், ஒரு கிளைக்கிராமத்துச் சிற்றாலயத்தின் கல்நார்க் கூரை புயலில் சேதமடைந்தது. ஓடு வேயத் தீர்மானித்தோம். பழைய அட்டைகளை இறக்கும் கூலியை மிச்சப்படுத்த ஊர் இளைஞர்களை அழைத்தோம். அவர்கள் இரண்டு நாள்கள் மகிழ்ச்சியோடு சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். தூசி பனிமூட்டம்போல் எழுந்தது. மழைக்காலத்தில் சேறாகும் ஆலய முற்றத்தில் அத்துண்டுகளைப் பரப்பச் சொன்னதும் நாமே. மறைக்கல்விக்கு வந்த சிறுவர் அதன்மேல் ஓடி விளையாடினார்கள். அடுத்த ஞாயிறு மறையுரையில் அவ்விளைஞர்களின் உழைப்பை வாயாரப் புகழ்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நகர மருத்துவமனையில் நோயில்பூசுதல் வழங்கச் சென்றபோது, மூச்சுக்குத் திணறிய ஒரு முதியவரைக் கண்டோம். இளமையில் கல்நார்ப் பொருள்களோடு வேலை செய்தவர் அவர். புகை பிடித்ததில்லை, மது அருந்தியதில்லை. "நான் என்ன பாவம் செஞ்சேன் சாமி?" என்று அவர் கேட்டார். அவருடைய நோயின் பெயர் மீசோதீலியோமா என்று மருத்துவர் கூறினார். அன்றுதான் அந்த ஆலய முற்றம் நம் கண்முன் வந்து நின்றது.

இது அரிதான புற்றுநோய். நுரையீரலை இரு மடிப்பாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலே பெரும்பாலும் தோன்றுகிறது. சிலருக்கு வயிற்று உட்சவ்வில் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் மூச்சுக்காற்றோடு நுரையீரலின் அடிவரை சென்று, அவ்வுறையையும் எட்டுகின்றன. உடலின் துப்புரவுப் பணியைச் செய்யும் உயிரணுக்கள் அவற்றை விழுங்க முயல்கின்றன. இழையோ அவ்வுயிரணுக்களைவிட நீளமாக இருப்பதால் முயற்சி தோற்கிறது. ஆறாத அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, ஒருநாள் புற்றாகிறது. பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படுகிறது. நெஞ்சு வலியும், நுரையீரல் உறையில் நீர் கோத்து மூச்சு முட்டுவதும் கண்டு மருத்துவரிடம் செல்லும்போது, நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். புதிய மருந்துகள் சிலருக்கு வாழ்நாளை நீட்டினாலும், முழுக் குணம் மிக அரிது. புகைப்பழக்கம் இந்நோய்க்குக் காரணமன்று. கல்நாரோடு பழகிய அனைவருக்கும் இது வருவதில்லை. எனினும், இந்த அளவுவரை ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை.

உலகம் இதனை எப்போது அறிந்தது? கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்பது 1924-இலேயே இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவானது. 1931-இல் அந்நாடு தூசியைக் கட்டுப்படுத்த விதிகளை இயற்றியது. தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர் இருவரும், 33 மீசோதீலியோமா நோயாளிகளை ஆராய்ந்து 1960-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்நோயாளிகளுள் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்லர்; அதன் அருகே வாழ்ந்தவர்கள். ஆகவே, தூசி தொழிலாளியோடு நிற்பதில்லை, ஊரையும் தொடுகிறது என்பது 1960 முதல் மறைபொருள் அன்று.

அறிவு வந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு, வட இத்தாலியில் போ ஆற்றங்கரையிலுள்ள கசாலே மொன்ஃபெர்ராத்தோ என்ற சிறுநகரம் சாட்சி. எட்டெர்னிட் என்னும் கல்நார்ச் சிமெண்ட் ஆலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1986 வரை அங்கே இயங்கியது. 'நித்தியமானது' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. ஊருக்குச் சோறு போட்ட ஆலை. அதன் கழிவுத் தூளை மக்கள் வாங்கிச் சென்று, வீட்டுப் பரணில் வெப்பத் தடையாகவும், முற்றத்தில் தரையாகவும் பரப்பினார்கள். அதனைப் படித்தபோது நம் நெஞ்சு நடுங்கியது. நாம் செய்ததும் அதுவே அன்றோ!

அங்கே மனைவியர் தம் கணவரின் வேலை உடைகளை உதறித் துவைத்தார்கள். அன்பினால் செய்த அச்செயலே சிலருக்கு நோயின் வழியானது. ரொமானா பிளசோத்தி பவேசி என்ற பெண்மணி அவ்வாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. 1983-இல் கணவரை இழந்தார். பின்னர்த் தங்கையை, மகளை, இன்னும் இரு உறவினரை இதே நோய்க்குப் பறிகொடுத்தார். பாதிக்கப்பட்டோர் சங்கத்திற்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி, 2024-இல் தம் 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

'நான் என்ன பாவம் செய்தேன்?' என்ற கேள்விக்கு ஆண்டவர் தெளிவாக விடை தந்திருக்கிறார். சிலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடப் பெரும் பாவிகளா என்று அவரே வினவி, அல்ல என்று அவரே மறுக்கிறார் (லூக்கா 13:4-5). பின்பு பேச்சை உயிரோடிருப்போர் பக்கம் திருப்பி, அவர்களை மனம் மாற அழைக்கிறார். நோயாளியின் பாவத்தைத் தேடுவது நம் வேலையன்று. கோபுரத்தைக் கட்டியவனும், அது ஆடுவதைக் கண்டவனும் என்ன செய்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டியது.

விடுதலைப் பயண நூலில் ஒரு மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு (21:28-29). மாடு முட்டி ஒருவர் இறந்தால் மாட்டைக் கொல்ல வேண்டும், உரிமையாளர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முட்டும் வழக்கமுடையது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் அவர் அதனைக் கட்டி வைக்காதிருந்தால், குற்றம் அவரையே சாரும். மாடும் ஒன்றே, மரணமும் ஒன்றே. எச்சரிக்கை வந்து சேர்ந்த நாளே குற்றத்தின் எல்லைக்கோடு.

திருச்சபையின் அறநெறி இறையியல் இதனை மேலும் நுணுகி ஆராய்கிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டும் வழியில், எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை பாவமாகாது. அறிந்துகொள்ள வேண்டிய கடமையும் வாய்ப்பும் இருந்தும் சோம்பலால் அறியாமலிருந்தால், அந்த அறியாமையே குற்றம். அறிந்தால் மாற வேண்டியிருக்குமே என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது அதனினும் கொடியது. நாம் கூரையை நொறுக்கியது முதல் வகையா, இரண்டாம் வகையா? முதல் வகை என்று சொல்லித் தப்பிக்க மனம் விரும்புகிறது. ஆனால் அக்கூரையின் தீங்கு வேறு நாடுகளில் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே பேசப்பட்டது. மக்களைப் பணிக்கு ஏவுமுன் விசாரிக்க வேண்டியது ஏவியவரின் கடமை. நாம் யாரையும் விசாரிக்கவில்லை. அதனை ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிட்டோம்.

மனச்சான்று இவ்வாறு பேசும்போது, மனிதச் சட்டம் எவ்வாறு பேசுகிறது? எட்டெர்னிட் வழக்கில் முன்னாள் உரிமையாளர்கள் இருவருக்கு 2012-இல் தூரின் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக் காலத்தில் ஒருவர் இறந்தார்; மற்றவரின் தண்டனை 18 ஆண்டாக உயர்ந்தது. ஆனால் 2014 நவம்பரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. ஆலை மூடப்பட்ட 1986 முதல் கணக்கிட்டால், குற்றத்தை விசாரிக்கும் காலக்கெடு கடந்துவிட்டதாம்! நோயோ நாற்பது ஆண்டுகள் உறங்கி எழுவது. சட்டத்தின் கடிகாரம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பின்னர் தனித்தனி மரணங்களுக்காகப் புதிய வழக்கு தொடுக்கப்பட்டு, 2023-இல் அவருக்கு 12 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025-இல் மேல்முறையீட்டில் அது 9 ஆண்டு 6 மாதமாகக் குறைந்தது.

முதல் வழக்கு நடந்துகொண்டிருந்த 2011-இல், நகராட்சி வழக்கிலிருந்து விலகிக்கொண்டால் சுமார் 1 கோடியே 80 லட்சம் யூரோ தருவதாக ஒரு பேரம் வந்தது. நகர மன்றம் முதலில் இசைந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 2012 தொடக்கத்தில் நகராட்சி அதனை மறுத்துவிட்டது. இழப்பீடு பெறுவது பாவமன்று; நீதியின் ஒரு பகுதியே அது. ஆனால் மௌனத்தின் விலையாக வரும் பணம் இழப்பீடு ஆகாது என்பதை அந்த எளிய மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

நோயின் காலத்தை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1995-இலேயே கருத்தில் கொண்டது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது. ஆயினும், இத்தாலி 1992-இல் கல்நாரையே தடை செய்துவிட்ட நிலையில், இங்கே வெள்ளைக் கல்நார் கலந்த கூரை அட்டைகள் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. ஏழையின் வெயிலுக்கும் மழைக்கும் மலிவான மறைப்பு அதுவே என்பதையும் நாம் மறக்கலாகாது. அக்கூரையின்கீழ் வாழ்வோரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

சென்ற ஆண்டு அந்தக் கிளைக்கிராமத்திற்கு மீண்டும் சென்றோம். திருப்பலி முடிந்ததும் மக்களை அமரச் செய்து, நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். முதிர்ந்த உபதேசியார் எழுந்து, "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இதை எதுக்குச் சாமி சொல்றீங்க? தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்போமே!" என்றார். நியாயமான கேள்வி. உண்மை சில நேரங்களில் அச்சத்தை மட்டுமே தருவதுபோலத் தோன்றுகிறது. அன்பு கருதி மறைப்பது அறமாகாதா?

நாம் விடை தேடிக்கொண்டிருந்தபோது, அன்று சம்மட்டி பிடித்தவர்களுள் ஒருவர், இன்று இரு பிள்ளைகளின் தந்தை, மெல்லக் கூறினார்: "சாமி, அடுத்த மாசம் மாதாவுக்குக் கெபி கட்ட அந்த முற்றத்தைத்தானே தோண்டறதா இருந்தோம்!" அதன்பின் உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை. கெபிக்கு வேறு பக்கம் இடம் பார்த்தார்கள். முற்றத்தைத் தோண்டாமல், மேலே நன்றாக மண்ணிட்டுச் சிமெண்ட் தளம் போட்டார்கள். இரண்டு நாள் தூசியால் வரும் ஆபத்து, ஆலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தவரின் ஆபத்தைவிட மிகக் குறைவு என்பதையும் விளக்கினோம். ஆயினும் பிற்காலத்தில் யாருக்கேனும் மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ நீடித்தால், மருத்துவரிடம் இதனை மறவாமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம்.

அன்பர்களே, நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் இக்கூரைகள் இன்னும் உள்ளன. உடையாமல் இருக்கும் அட்டையைக் கண்டு அஞ்சி ஓட வேண்டியதில்லை. அதனை அறுப்பதும், துளையிடுவதும், நொறுக்குவதும், உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவதுமே தீங்கு. அகற்ற வேண்டுமானால், விவரம் அறிந்தவரைக் கொண்டு, நீரால் நனைத்து, முழு அட்டையாக இறக்க வேண்டும். இனிக் கட்டுவோர் வேறு கூரையைத் தேட வேண்டும். பங்குப் பேரவைகள் இதனைக் கலந்து பேசட்டும்.

புது வீடு கட்டுபவன், யாரும் தவறி விழுந்து இரத்தப்பழி வராதபடி, மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது (22:8). விழப்போகிறவர் யாரென்று கட்டுபவனுக்குத் தெரியாது. விழும்போது அவன் உயிரோடு இல்லாமலும் போகலாம். ஆயினும் சுவர் எழுப்புவது அவன் கடமை. நாற்பது ஆண்டுகள் கழித்து மூச்சுவிடப் போகும் ஒருவர், இன்று ஏதோ ஒரு முற்றத்தில் குழந்தையாய் விளையாடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடன் நாம் அறிந்த நாள் முதல் தொடங்குகிறது. அதற்குக் காலக்கெடு இல்லை.