மலையேற்றமும் மிகு சுமையும்

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து என நம் ஆசார நூல்கள் வகுத்துரைக்கின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் சுமையேற்றுதலை வண்டி மாட்டிற்கும் பொதி கழுதைக்கும் உரியதாகவே நாம் படித்து வந்துள்ளோம். மாட்டு வண்டி அருகிய இக்காலத்தில் அது நமக்குரியதன்று எனக் கடந்தும் விடுகிறோம். ஆனால் மலையூர்களில் அவ்வாறு கடந்துவிட இயலாது. சமவெளியில் நாம் உணராத நம் உடலின் எடை, அங்கே வேறொருவர்மீது ஏறிவிடுகிறது.

மகாராஷ்டிரத்தில் மாத்தேரான் என்றொரு மலையூர் உண்டு. ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். 1907 முதல் நேரலிலிருந்து அங்கே சிறு இரயில் செல்கிறது. 2003இல் மத்திய அரசு அப்பகுதியைச் சூழல் காப்புப் பகுதியாக அறிவித்தது. அவசர ஊர்தி போன்றவை நீங்கலாக, மோட்டார் வண்டிகள் தஸ்தூரி என்னுமிடத்திலேயே நின்றுவிட வேண்டும். புகையில்லை, ஒலிப்பானின் இரைச்சலில்லை. இத்தகைய ஊரன்றோ அகிம்சைக்கு இலக்கணம் என்று எண்ணத் தோன்றும்.

ஆயின் அவ்வூருக்குள் முதியோரும் மூட்டைகளும் எவ்வாறு சென்றனர்? குதிரை முதுகிலும், மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாவிலும். செம்மண் மேட்டில் ஒருவர் முன்னின்று இழுக்க, மற்றவர் பின்னின்று தள்ளுவர். காற்றுக்கு நேராத துன்பம் மனிதரின் மூச்சுக்கு நேர்ந்தது. நம் தமிழகத்திலோ 1973ஆம் ஆண்டிலேயே கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும்.

மாத்தேரானில் மின் ரிக்‌ஷா வேண்டுமென்று கேட்டவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், இழுத்தவர்களே கேட்டனர். குதிரைக்காரர்கள் தம் பிழைப்புக்கு அஞ்சி எதிர்த்தனர். அவ்வச்சத்தையும் இகழ்வதற்கில்லை. 2022 டிசம்பரில் மின் ரிக்‌ஷாக்கள் சோதனையாக ஓடின. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதரை மனிதர் இழுப்பதை ஆறு மாதங்களுக்குள் நிறுத்துமாறும், இழுத்தவர்களுக்கே மின் ரிக்‌ஷா கிடைக்க வழிசெய்யுமாறும் ஆணையிட்டது. பிழைப்பு போகாமல் சுமை மட்டும் இறங்க வேண்டும் என்ற அப்பகுதியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வாறாயின் நம் காரிலேயே மலையேறிவிடுவது குற்றமற்றதோ எனின், அதுவும் அன்று. அங்கே சுமப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு. மலைச்சரிவும் ஓடையும் சாலை கடக்கும் விலங்கும் சுமக்கின்றன. 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி நீலகிரிக்குள் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என வரம்பு விதிக்கப்பட்டபோது, அரசுப் பேருந்துக்கு அத்தடை இல்லை. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் செல்வதும், ஐம்பது பேர் பத்துப் பதினைந்து கார்களில் செல்வதும் மலைக்கு ஒரே சுமையாகா. குடும்பத்தோடு உதகை செல்லும் நம்மில் எத்தனை பேர் மேட்டுப்பாளையத்தில் பேருந்தோ மலை இரயிலோ ஏறுகிறோம்?

இனி நம் யாத்திரைக்கு வருவோம். சம்மேத சிகர்ஜியில் ஏற்றமும் வலமும் இறக்கமுமாக 27 கிலோமீட்டர். முழங்கால் நோவுடைய முதியவள் டோலியில் ஏறுவது பாவமா? டோலிக்காரரின் அடுப்பு அதனால்தானே எரிகிறது? இரு கேள்விகளும் மெய்யானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்க முடியாது. நம் எண்ணம் இது: நடக்க வல்லவர் நடக்கட்டும், அவர்கள் டோலியேறுவது வெறும் வசதிக்கே. வல்லமை இல்லாதார் ஏறலாம். ஆனால் நூலோர் விலக்கியது அளவு மீறிய சுமையை. அளவு எது என்பதைச் சுமப்பவரே சொல்லவேண்டும். அவர் இறக்கி வைக்க விரும்பும் இடத்தில் இறங்கிக் காத்திருப்பதும், பூசைக்கு நேரமாயிற்று என்று விரைவுபடுத்தாதிருப்பதும், பேசிய கூலியை அடிவாரத்தில் குறைக்க முயலாதிருப்பதும் அவ்விரதத்திற்குள் அடங்கியவையே.